ஒளிக்கதிரும் உப்புக்காற்றும்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் நம்பிக்கை. சோறு வடிக்கும் பாத்திரத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யே. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அவ்வுலோகத்தின்மீது ஓர் ஆக்ஸைடுப் படலம் படிந்துவிடுகிறது. சில நானோமீட்டர் கனமே உள்ள அப்படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்து நிற்கிறது. ஆனால், தூய அலுமினியம் மென்மையானது. அதைக் கொண்டு ஆகாய விமானம் கட்ட இயலாது. செம்பும் மக்னீஷியமும் சிறிதளவு கலந்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த அலுமினியம், சில நாட்களில் தானே உறுதி பெறுவதை 1906-இல் ஆல்பிரெட் வில்ம் என்னும் ஜெர்மானியர் கண்டார். விமானத் தொழில் இக்கண்டுபிடிப்பின் தோளில் ஏறியே வளர்ந்தது. அவ்வுறுதிக்கு நாம் கொடுத்த விலைதான் அரிப்பு.

செம்பு மிகுந்த நுண்துகள்கள் கலப்புலோகத்தினுள் ஆங்காங்கே தங்கிவிடுகின்றன. உப்புநீர் பட்டதும் ஒவ்வொரு துகளும் அதைச் சூழ்ந்த அலுமினியமும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு மின்கலம் ஆகின்றன. படலம் உடைகிறது, கண்ணுக்குத் தெரியாத குழி விழுகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோகா நிறுவனத்தின் போயிங் விமானமொன்று 24,000 அடி உயரத்தில் பறக்கையில் அதன் கூரையின் ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளை ஒட்டிய பசை விட்டதும், அரிப்பும், ஆணித்துளைகளில் தோன்றிய களைப்பு விரிசல்களும், அவற்றைக் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்பும் காரணங்கள் என்று விசாரணையில் தெரிந்தது. உப்புக்காற்றில் நாள்தோறும் பலமுறை ஏறி இறங்கிய விமானம் அது.

அரிப்பைத் தடுக்க நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது குரோமேட் பூச்சு. அது நன்றாகவே காக்கிறது. ஆனால், அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம், அதைக் கையாளும் தொழிலாளியின் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் குரோமியம் டிரைஆக்ஸைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே மாற்று வழி தேடுவோரின் கண்கள் லேசரின்பால் திரும்பியிருப்பதில் வியப்பில்லை.

1960-இல் மெய்மன் முதன்முதலாக ஒளிரச் செய்த அக்கதிர், தகட்டின் மேற்புறத்தை நொடிப்பொழுதில் உருக்குகிறது. அடியிலுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், உருகிய மெல்லிய அடுக்கு அக்கணமே உறைகிறது. துகள்கள் கரைந்துபோகின்றன, செம்பு மீண்டும் ஓரிடத்தில் திரளுவதற்கு அவகாசமில்லை. மேற்பரப்பு ஒருசீராகிறது; குழியரிப்பும் குறைகிறது.

இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயினும், ‘லேசரால் அரிப்பைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது’ என்று ஒரே வரியில் நம் கருத்தரங்குகளில் முடித்துவிடுவதை நான் ஒப்புவதற்கில்லை. அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிக்கொண்டு விமானம் ஏற முடியுமா?

கதிர் விழும் இடம் மிகச் சிறியது. உழவன் சால் மேல் சால் ஓட்டுவதைப்போல, ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தைப் படியச் செய்தே தகடு முழுவதையும் முடிக்க வேண்டும். அந்த ஓரத்தில், முன்பு உறைந்த அடுக்கு மறுபடி சூடேறுகிறது. அங்கே துகள்கள் திரும்பவும் தோன்றக்கூடும். அரிப்பும் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். 7075 போன்ற கலப்புலோகத்தில் துத்தநாகமும் மக்னீஷியமும் ஆவியாகிப் போகலாம். உறையும்போது விரிசலும் விழலாம். கரியமிலவாயு லேசரின் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பளபளப்பான அலுமினியம் திருப்பி அனுப்பிவிடுகிறது. வேறு லேசரானால் கணக்கே வேறு. ஆகவே, ஒருவர் ‘கூடியது’ என்றும் மற்றொருவர் ‘குறைந்தது’ என்றும் எழுதினால், இருவர் சொல்வதும் மெய்யாக இருக்கலாம்.

எந்தக் கலப்புலோகம்? எந்தக் கதிர்? தடங்கள் சேரும் இடத்தைச் சோதித்தீர்களா? எத்தனை நாள் சோதித்தீர்கள்? இந்நான்கு கேள்விகளுக்கும் விடையில்லாத முடிவை முடிவென்று ஏற்கலாகாது என்பதே என் கருத்து. விரல்நகம் அளவு பரப்பை 3.5 சதவீத உப்புநீரில் சில மணி நேரம் வைத்து அளப்பது நல்ல தொடக்கந்தான். ஆனால் கடல் அப்படி வேலை செய்வதில்லை. இரவில் நனைத்துப் பகலில் உலர்த்தி, உப்பை மேன்மேலும் சேர்த்துக்கொண்டே போகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்துக் காலத்தையே பரிசோதகராக்கியது இதை உணர்ந்துதான்.

‘மாணவனுக்கு அத்தனை காலம் ஏது?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வின் முதலாண்டிலேயே சில தகடுகளைக் கடற்காற்றில் வைத்துவிட்டால், ஆய்வேடு எழுதும் நாளில் அவை தாமே விடை சொல்லும். அரித்துப்போன தகட்டையும் அரிக்காத தகட்டோடு சேர்த்து அச்சிடும் துணிவு மட்டுமே நமக்கு வேண்டும்.

குரோமேட் தொட்டியருகே நிற்கும் தொழிலாளி லேசர் வெல்ல வேண்டுமென்று விரும்புவான். நானும் விரும்புகிறேன். ஆனால், அவன் மூச்சைக் காக்கப் போய்ப் பயணியின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. இருவரையும் ஒருங்கே காக்க வேண்டுமானால், புகழுரையைச் சற்று நிறுத்திவைத்துத் தகட்டைக் கடலிடம் காட்டுவோம். அது தரும் சான்றிதழே சான்றிதழ்.