வாசிக்கக் கேட்டு

இந்த வாரம் என் மனத்தை வருத்தியது ஒரு பென்சில் குறி. என் தமக்கையின் மகன், உத்தியோகத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் குடும்பத்திலேயே முதல் காரை வாங்குவதென்று தீர்மானித்து, ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் திருச்சியில் ஒரு ஷோரூமுக்குப் போய்வந்தவன், "எல்லாம் முடிந்துவிட்டது மாமா, நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று காகிதங்களை என் மேஜைமேல் வைத்தான். மூன்று பக்கப் படிவம். கையெழுத்திட வேண்டிய இடங்களிலெல்லாம் விற்பனையாளர் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒவ்வொரு குறியின்மேலும் என் மருமானின் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. கடைசிக் கையெழுத்துக்கு நேர் மேலே, துணைப்பொருள்கள் என்ற தலைப்பின்கீழ், எட்டு வரிகள் காலியாக இருந்தன.

பொடி எழுத்துகளின்மேல் எனக்குள்ள பகையை இந்தப் பத்தியின் வாசகர்கள் அறிவார்கள். மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டைப் பற்றி எழுதியபோது சிலர் என்னைக் கடிந்துகொண்டதும் உண்டு. ஆனால் இந்தக் காகிதங்களில் பெரிய எழுத்துகளிலேயே விவகாரம் இருந்தது. விலைப் பட்டியலில் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு அடுத்து, 'எசென்ஷியல் கிட்' என்று ரூ.18,500, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ரூ.7,500, இன்சூரன்ஸ் ரூ.51,000. அத்தியாவசியம் என்ற அந்தக் கிட்டில் இருப்பவை கால்மிதியும் இருக்கை உறையும் சேறு தெறிக்காத மட்டையும். இவை இல்லாமலும் வண்டி ஓடும். ஹேண்ட்லிங் என்பது, தம்முடைய கிடங்கிலிருந்து தம்முடைய கடைக்கு வண்டியைக் கொண்டுவர வாங்குகிறவனிடம் வசூலிக்கும் கூலி. இன்சூரன்ஸ் விஷயத்திலோ, அதே பாதுகாப்புக்கு எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் சொன்ன தொகை ரூ.38,000. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது மெய். ஆனால் அதை விற்பவரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வகுத்த நெறிமுறைகளே வாங்குபவரை அவ்வாறு நிர்ப்பந்திக்கக் கூடாது என்கின்றன.

இவற்றை ஒவ்வொன்றாக விளக்கவே உட்கார்ந்தேன். ஆனால் அந்த எட்டுக் காலி வரிகள் என்னை விடவில்லை. அவை என்னை அறுபது வருஷத்துக்கு முன்பு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசின் எதிரே, புங்கமர நிழலில் கிடந்த ஒரு சாய்வு மேஜையினிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

அது என் பெரியப்பாவின் மேஜை. அவர் பத்திரம் எழுதுகிறவர். கிரயமோ அடமானமோ பாகப்பிரிவினையோ, எதுவாயினும் முத்திரைத்தாளை மேஜைமேல் விரித்து, இருதரப்பாரையும் விசாரித்து, தொகையை எண்ணிலும் எழுத்திலும் குறித்து, நான்கெல்லைகளையும் வர்ணித்து முடித்த பிறகு அவர் தவறாமல் செய்கிற காரியங்கள் இரண்டு. பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால், பின்னால் வேறொரு கை அங்கே ஒரு சொல்லும் புகுத்த இயலாதபடி, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து அதை அடைத்துவிடுவார். பிறகு, எழுதிக் கொடுப்பவர் படித்தவரானாலும் படிக்காதவரானாலும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிப்பார். கோடை விடுமுறையில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாசிப்பு ஒரு பாராயணம்போலவே தோன்றியிருக்கிறது.

ஒருநாள், கணவனை இழந்த ஒரு வயதான அம்மாள் தன் அரைமா நிலத்தை விற்க வந்திருந்தாள். பெரியப்பா வாசித்துக்கொண்டே வந்து, எல்லை விவரத்துக்கு வந்ததும், அதுவரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவள் கையை உயர்த்தி, "வாய்க்கா மேக்கால இல்லீங்களே, கெழக்கால்ல இருக்கு" என்றாள். பெரியப்பா நிறுத்தினார். பழைய பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். அவள் சொன்னதே சரி. 'மேற்கு' என்பதை அடித்துக் 'கிழக்கு' என்று மேலே எழுதி, கடைசிப் பக்கத்தில், முதல் பக்கம் பதினோராம் வரியில் ஒரு சொல் அடித்து ஒரு சொல் எழுதப்பட்டது என்று குறித்து, அதையும் அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அவளுடைய பெருவிரலில் மை தடவினார். எழுத்தறியாத அந்த அம்மாள் தன் வாழ்நாளில் ஒப்பிய அந்த ஒரு பத்திரத்தில் தனக்குத் தெரியாத ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இது பெரியப்பாவின் தனிக் குணம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். பிற்பாடு 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தைப் புரட்டியபோதுதான், அதன் 20-ஆவது பிரிவு, அடித்தலோ திருத்தலோ வரியிடைச் சேர்க்கையோ காலி இடமோ உள்ள ஆவணத்தை, எழுதிக் கொடுத்தவர் அவ்விடத்தில் கையொப்பமிட்டு உறுதி செய்தாலன்றிப் பதிவதிகாரி ஏற்க மறுக்கலாம் என்று சொல்வதைக் கண்டேன். அரைமா நிலத்துக்கு நூறாண்டுக்கு முன்பே இந்தச் சிரத்தை எடுத்துக்கொண்ட ஒரு தேசத்தில், எட்டரை லட்சம் ரூபாய் வண்டிக்கான படிவத்தில் எட்டு வரிகளைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்குவது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

மறுநாள் மருமானை அழைத்துக்கொண்டு நானும் போனேன். எங்களை எதிர்கொண்ட இளைஞர் மரியாதை தெரிந்தவர். மாத இலக்கு என்ற பாரம் அவர் முகத்திலேயே தெரிந்தது. "தம்பி, இதைத் தமிழில் சொல்லி, முழுவதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்றேன். வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தின் அடியில், முன்பதிவு நாளின் விலை அல்ல, வண்டியை ஒப்படைக்கும் நாளின் விலையே செல்லும் என்ற ஷரத்துக்கு வந்ததும் குரல் தணிந்தது. "இத நானே இப்பதான் சார் முழுசா படிக்கிறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. கிட் நீங்கியது. ஹேண்ட்லிங் தொகையை எந்த விதிப்படி வாங்குகிறீர்கள் என்று எழுதித் தரும்படி கேட்டோம். மேலாளர் உள்ளே போய்வந்து அதை அடித்துவிட்டார். இன்சூரன்ஸை வெளியே எடுப்பதற்கும் இசைந்தார்கள். வண்டி சென்ற வருஷத்துத் தயாரிப்பாக இருக்கலாகாது என்றும், சேஸிஸ் எண்ணைப் பணம் முழுவதும் கட்டுவதற்கு முன்பே தர வேண்டும் என்றும் படிவத்திலேயே எழுத வைத்தோம். விற்பனைச் சான்றிதழான 21-ஆம் எண் படிவத்தில் தயாரிப்பு மாதமும் வருஷமும் குறிக்கப்படுவதால் அதை ஒத்துப் பார்ப்பது எளிது. இவ்வளவுக்கும் அவர்கள் இசையாதிருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதற்கப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. அவற்றை நாடும் அவசியம் நேரவில்லை.

கடைசியாக என் பேனாவை மருமானிடம் கொடுத்தேன். அந்த எட்டு வரிகளின்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, அதன் ஓரத்தில் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டான்.

பெரியப்பா எழுதிய பத்திரங்களில் எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. வாசகர்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்தக் காலத்துக் கிரயப் பத்திரங்கள் இருக்குமானால், அவற்றின் கடைசிப் பக்கத்தில் அடித்தல் திருத்தல்களைக் குறித்திருக்கும் வாசகத்தை மட்டும் பிரதி எடுத்து எனக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.