மலைக்கேற்ற காலணி

புரட்டாசியில் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தேற உங்கள் பிள்ளைகள் விரும்பக்கூடும். முன்னொரு காலத்தில் வெள்ளையர் பழனி மலைகளில் பூட்ஸ் அணிந்து கடமான் வேட்டைக்குச் சென்றனர். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வேட்டை விலக்கப்பட்டது. மலைப்பாதையோ அன்றுபோல் இன்றும் கரடுமுரடானதே.

காலணியை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று சற்றே வீங்கிய பாதமே மலையேறும் பாதத்திற்கு ஒப்பானது. அன்று அணியவிருக்கும் காலுறையுடனேயே அளவு பாருங்கள். ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. விரல்கள் முன்னே சென்று இடித்தால் நகம் கறுத்துவிடும். விரல்களுக்கு முன்னால் சிறிது இடம் வேண்டும், குதிகால் அசையலாகாது. அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால், விலை மலிவென்று மயங்க வேண்டாம். மழை ஈரத்தில் அட்டைகள் ஏறும். உயரமான காலுறை நன்று.

எங்கள் உறவினர் மகன் ஒருவன், புறப்பட்ட நாளன்றுதான் புதுக் காலணியை முதன்முதலாக அணிந்தான். கொப்புளங்களோடு பாதிவழியில் தோழன் தோளைப் பற்றித் திரும்பினான். மூன்று வாரமாவது அதனை அணிந்து வைகைக் கரையில் நடந்திருக்கலாம்.

வெள்ளகவி மக்கள் ஊருக்குள் காலணி அணிவதில்லை. வருவோரும் கழற்றிக் கையில் ஏந்திச் செல்வதே அங்குள்ள முறை. ஆதலால் கழற்றி மாட்ட நெடுநேரமாகும் கயிற்றுக் கட்டுகளைத் தவிர்ப்பீர்.