தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

ரவிக்கைக்கு அளவெடுப்பதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதினால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. துப்பாக்கிக்கு அளவெடுப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால், "இதென்ன விபரீதம்!" என்று நீங்கள் தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! இந்த விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவரே, கீழ்க்கட்டளையில் ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்தும் ஓர் அம்மாள்தான்.

அவர் எழுதிய கடிதத்தில் இரண்டே வரிகள். "என் பெண்ணின் தோளை ஒரு தடவை வந்து பாருங்கள். பார்த்த பிறகு, இந்த விளையாட்டு உனக்கு வேண்டாம் என்று நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்."

போனேன். ஏரிப் பக்கத்துத் தெருவில் சின்ன வீடு. முன்னறையில் தையல் இயந்திரம். மகளுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஞாயிறுதோறும் ஒரு துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் 'டிராப்' பந்தயத்துக்குப் பழகுகிறாள். துப்பாக்கி வீட்டில் கிடையாது. சங்கத்தின் பூட்டிய அறையில் இருக்கிறது. சட்டப்படி 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான் சொந்த உரிமம். அதற்குக் குறைந்தவர்கள் பெரியவர்களின் கண்ணெதிரே பயிற்சி பெறலாம், அவ்வளவுதான்.

பெண் தயங்கித் தயங்கித் தோளைக் காட்டினாள். தோளும் கையும் சேருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. கன்னத்து எலும்பிலும் ஒரு சிவப்புத் தடிப்பு.

"பழகினால் சரியாகிவிடும்னு எல்லாரும் சொல்றாங்க, அக்கா. ஆனால் தட்டுத்தான் உடைய மாட்டேங்கிறது. 25-க்கு 11தான் வருது" என்றாள்.

"முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிறவள் நான். தோள்வலி பழகினால் சரியாகாது, நிலைச்சுத்தான் போகும்" என்றார் தாயார்.

எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. "அடுத்த ஞாயிறு நாம் மூவருமே போய்ப் பார்த்துவிடலாமே" என்றேன்.

இந்தப் பந்தயம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் 15 இயந்திரங்கள். அவர் குரல் கொடுத்ததும் அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு தட்டு சீறிக்கொண்டு வெளியே பறக்கும். இடமா, வலமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது. தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். நம் வீட்டுக் காபி டம்ளருக்கு வைக்கிற தட்டு அளவுதான். தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை. உப்புமா ரவை அல்ல. மிளகைவிடச் சிறிய குண்டுகள், ஏறக்குறைய 300. அவை கூட்டமாகப் போய்த் தட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். பெரிய பந்தயங்களின் தகுதிச் சுற்றில் மொத்தம் 125 தட்டுகள். பெண்களுக்கு 75 போதும் என்றிருந்த விதி மாறி, 2018 முதல் அவர்களுக்கும் 125 ஆகிவிட்டது.

ஒலிம்பிக் வீரர்கள் கையில் பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த துப்பாக்கியைப் பார்க்கலாம். அந்தச் சங்கத்தில் நம் பெண்ணுக்குக் கொடுத்திருந்தது ஒற்றைக் குழல் செமி-ஆட்டோமேட்டிக். வெடிக்கும்போது பிறக்கும் ஆவியில் ஒரு பங்கு, குழலிலுள்ள சிறு துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த வேகத்திலேயே வெற்றுத் தோட்டா வெளியே விழுந்து, அடுத்தது உள்ளே ஏறுகிறது. உதையும் அதனால் ஓரளவு தணிந்து தோளுக்கு மெத்தென்று வருகிறது. உலகப் போட்டி விதிகளும் இதை அனுமதிக்கின்றன. தோட்டா அறையில் ஒன்றுக்கு மேல் நிரப்ப முடியாதபடி அடைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உதை குறைந்த துப்பாக்கியே இப்படிக் கன்ற வைக்கிறது என்றால், குற்றம் வேறெங்கோ இருக்க வேண்டுமல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பெண் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியதுதான் தாமதம், தாயாரின் தையற்காரக் கண் அதைப் பிடித்துவிட்டது. "ஐயா, இவளுக்கு அவங்க பெரியப்பா சட்டையை மாட்டி விட்டிருக்கீங்களே! கையெல்லாம் தொங்குதே!" என்று, அங்கே உட்கார்ந்திருந்த துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவரிடம் சொன்னார்.

பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். சிரித்தார். "அம்மா சொல்றது வாஸ்தவம். ஆறடி ஆளுக்கு வெட்டின கட்டை இது" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் நடந்ததைப் பார்த்தால் தையற்கடையில் இருப்பது போலவே இருந்தது. பின்கட்டை நீளமாக இருந்ததால், அது தோள் குழியில் உட்காராமல் கைப்பக்கம் நழுவி உதைத்திருக்கிறது. கட்டையின் முனையிலிருந்த தடித்த ரப்பரை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டார். இவ்வகைத் துப்பாக்கிகள் சிலவற்றில் கட்டைக்குள்ளேயே ஒரு சுருள்வில் ஒளிந்திருக்குமாம். ரம்பத்தை எடுத்து மனம்போனபடி அறுக்க முடியாது. கட்டை உடலோடு சேருமிடத்தில் மெல்லிய தகடுகளை மாற்றி வைத்து, கட்டையைச் சற்றுச் சாய்த்தார். கன்னம் படியும் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினார்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேளுங்கள். 3 மில்லிமீட்டர்! ரைபிளுக்கு இருப்பதுபோல் இந்தத் துப்பாக்கிக்குப் பின்பக்கக் குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் குறி. கண்ணுக்கும் குழல் நுனிக்கும் ஏறக்குறைய 1 மீட்டர் தூரம். கண் 3 மில்லிமீட்டர் இறங்கினால், 35 மீட்டருக்கு அப்பால் ரவைக் கூட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விலகிவிடும். தட்டின் அளவே 11 சென்டிமீட்டர்தானே? கழுத்து அரை அங்குலம் பிசகினால் ரவிக்கையே வீண் என்பது நமக்குத் தெரியாததா!

மிச்சம் இரண்டு வேலை. குழலின் நுனியில் திருகிப் போடும் 'சோக்' என்னும் குட்டிக் குழாய்தான், ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. யாரோ கிட்டத்துக் குறிக்கான அகல சோக்கைப் போட்டு மறந்துவிட்டிருந்தார்கள். தூரத்துத் தட்டுக்கு ஏற்ற குறுகலானது வந்தது. அடுத்து, இரண்டாவது தோட்டா சில சமயம் ஏறாமல் நின்றுவிடும் தொல்லை. பிஸ்டனைச் சுற்றிக் கரி அடை அடையாக இருந்தது. குக்கர் வெயிட்டின் துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதே கதை. "துளையைப் பெரிசு பண்ணிவிட்டால் வேகமா வேலை செய்யுமே என்பார்கள் சிலர். வேண்டாம். முதலில் துடைத்துப் பார்க்கணும்" என்றார் பெரியவர். அப்படியே துடைத்தார்; தோட்டா ஏறியது.

ஒரு ஜாக்கிரதை. இந்த வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். குழலை வெட்டிக் குட்டையாக்குவதற்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். ஆகவே, "நம்ம வீட்டு டிரில்லை எடுத்து வாடா" என்கிற சமாசாரமே இல்லை.

இத்தனை மில்லிமீட்டர் கணக்கும் எதற்கு என்கிறீர்களா? 2023-ல் ஹாங்ஜௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், நம் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து மூவரும் டிராப் குழுப் போட்டியில் 375-க்கு 361 தட்டுகளை உடைத்துத் தங்கம் வாங்கினார்கள். மூன்று பேர் சேர்ந்து தவறவிட்டது பதினான்கே தட்டு! மனிஷா கீர், பிரீத்தி ரஜக், ராஜேஷ்வரி குமாரி மூவரும் பெண்கள் குழுவுக்கு வெள்ளி வாங்கித் தந்தார்கள். மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில், 'ஸ்கீட்' என்னும் உடன்பிறப்புப் பந்தயத்தின் கலப்பு இரட்டையரில், மகேஷ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் வெண்கலத்தைச் சீனாவிடம் இழந்தது ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில்.

பெண்ணுக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 1992-ல் பார்ஸிலோனா ஒலிம்பிக் ஸ்கீட்டில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே நின்றார்கள். சீனத்து ஜாங் ஷான் 225-க்கு 223 உடைத்து, அத்தனை ஆண்களையும் தாண்டித் தங்கம் வாங்கினார். 1996-ல் அந்தப் பந்தயம் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது! பெண்களுக்குத் தனி ஸ்கீட் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"பழகினால் சரியாகிவிடும்" என்ற வார்த்தையைப் பெண்கள் எத்தனை இடங்களில் கேட்கிறோம்! உயரமான சமையல் மேடை, கைக்கு எட்டாத பஸ் கம்பி, கால் தரையில் படாத ஆபீஸ் நாற்காலி. வலித்தால் வலிப்பவள்மீதுதான் குற்றம். அளவு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுப் பெண் எந்த விளையாட்டிலாவது கன்றிய உடம்போடு வந்தால், விளையாட்டை நிறுத்துமுன் கருவியின் அளவை ஒரு தரம் கேட்டுவிடுங்கள். தப்பு அங்கே இருந்தால் ஒரு தகடும் ஒரு ரப்பரும் போதும். ஒரு பெண்ணின் ஆசையை ஏன் வெட்ட வேண்டும்?

போன வாரம் கீழ்க்கட்டளையிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. தோள் ஆறிவிட்டதாம். கணக்கு 25-க்கு 17 ஆகியிருக்கிறதாம். கடைசி வரியில் அந்த அம்மாள் எழுதியிருந்தார்: "வலது பக்கம் போகிற தட்டு மட்டும் இன்னும் தப்புகிறது. அளவெல்லாம் நானே பார்த்தாயிற்று. இனிமேல் உன் தப்புத்தான், ஒழுங்காகப் பழகு என்று சொல்லிவிட்டேன்."