புதுக்குடித்தனமும் மின்கட்டணமும்



திருமணம் முடிந்து முதன்முதலாக வாடகை வீட்டில் குடியேறுவோர், வாடகையையும் முன்பணத்தையும் பலமுறை எண்ணிப் பார்க்கின்றனர். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பராமரிப்பு ஆகியவற்றையோ, 'வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகின்றனர். வாடகை முன்னரே தெரிந்த தொகை; அதனால் பிணக்கு எழுவதில்லை. எதிர்பாராமல் வரும் கட்டணமே, "விசிறியை அணைக்காமல் விட்டது யார்?" என்ற கேள்வியை வீட்டிற்குள் கொண்டுவருகிறது.

கோபுரம் எழுப்ப எண்ணுபவன் முன்னதாகவே செலவைக் கணக்கிட வேண்டியதைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீடராகும் துணிவைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், அவ்வறிவுரை இல்லறத்திற்கும் பொருந்துவதன்றோ?

கணக்கு எளிதே. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட். 75 வாட் விசிறிகள் இரண்டு நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 108 யூனிட். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி எரிந்தால் 60 யூனிட். குளிர்பதனப் பெட்டியின் நட்சத்திரச் சீட்டில் ஓராண்டுச் செலவு அச்சிடப்பட்டிருக்கும். அதனை ஆறால் வகுத்தால் இரு மாதச் செலவு கிடைக்கும். இரவில் 8 மணி நேரம் இயங்கும் 1,500 வாட் குளிர்சாதனம், விட்டுவிட்டு ஓடிப் பாதியளவே இழுத்தாலும், 360 யூனிட் கேட்கும்.

யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதை மறவாதீர். தமிழகத்தில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், இரு மாதத்திற்கு 500 யூனிட் செலவிட்டவர் 1,725 ரூபாய் செலுத்தினார். 510 யூனிட் செலவிட்டவரோ 2,030 ரூபாய் செலுத்த நேர்ந்தது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியவருக்கு, அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்குச் சலுகை குறைந்ததே காரணம். விகிதங்கள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. ஆகவே இன்றைய அட்டவணையை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிந்து கணக்கிடுவீர்.

கட்டணம் வரும்வரை காத்திராமல், ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் இருவருமாக மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள். வாரம் 58 யூனிட்டுக்குள் நின்றால், 60 நாளில் 500-ஐத் தாண்டமாட்டீர். கணக்கு இரு மாதத்திற்கொரு முறை என்றால், மதிப்பிட்ட தொகையில் பாதியை முதல் மாதச் சம்பளத்திலேயே தனியே எடுத்து வைப்பது நலம். புதிய எரிவாயு உருளையை மாட்டும் நாளையும் நாட்காட்டியில் குறித்தால், அது எத்தனை நாள் வருகிறதென்று விளங்கும்.

முன்பணம் கொடுக்குமுன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: மின் இணைப்பு நமக்கு மட்டுமா, பிற குடித்தனங்களுடன் பொதுவா? முன்பிருந்தவர் வைத்த பாக்கி உண்டா? தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் நம் பங்கு எவ்வளவு? பொது மீட்டராயின் இரு வீட்டு யூனிட்டும் ஒன்றாய்க் கூடி, உயர்ந்த விகிதத்திற்குச் சென்றுவிடும். குடியேறும் நாளில் மீட்டரின் எண்ணை வீட்டுக்காரர் முன்னிலையில் எழுதி, இருவரும் கையொப்பமிடுவது பின்னர் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

இறுதியாக ஒன்று. கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனத்திற்கன்று. கருவுற்ற மனைவிக்கோ, முதிய தாய்க்கோ கோடை இரவில் குளிர்ச்சி தேவையாயின், அச்செலவு வீண்செலவன்று. அதனை முகமலர்ச்சியோடு ஏற்பதற்கே மற்ற செலவுகளை அடக்குகிறோம். ஆளில்லா அறையில் சுழலும் விசிறியை நிறுத்துங்கள். அன்புக்குரியவர் உறங்கும் அறையின் விசிறி சுழலட்டும்.