மலிவான பேஸ் கிற்றார் போதும்

பேஸ் கிற்றார் பழக விரும்பும் இளைஞர்கள் பலர் பணத்தையெல்லாம் கிற்றாருக்கே கொட்டிவிட்டு, மிஞ்சிய சில்லறையில் ஒரு சின்னஞ்சிறு அம்பிளிபயரை வாங்குகிறார்கள். இது தலைகீழான கணக்கு என்பதே எனது கருத்து.

1951 இல் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய பிரெசிஷன் பேஸின் வழிவந்ததே இன்றைய மலிவான ஸ்குவையரும். புதிய தந்திகளை மாட்டி, அவற்றின் உயரத்தையும் சீர்செய்துவிட்டால் பழகுவதற்கு அது தாராளம். ஆனால், அதன் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சாதாரண கிற்றாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. அந்த நாதத்தைச் சிறிய ஸ்பீக்கர் முழுமையாகத் தராது. தன் வாசிப்பைத் தானே கேட்கமுடியாதவன் விரைவில் சலித்துப்போவான்.

ஆகவே, பேஸுக்கென்றே செய்யப்பட்ட பழைய அம்பிளிபயரைத் தேடுங்கள். வாங்குமுன் தடித்த தந்தியை உரக்க வாசித்துப் பாருங்கள். ஸ்பீக்கரில் ஒலி கிழிந்தால் விட்டுவிடுங்கள். குமிழைத் திருகும்போது எழும் கரகரப்போ பெரும்பாலும் தூசியால் வருவது. துப்புரவு செய்தால் நீங்கும். பேரம் பேசவும் அது உதவும்!