பஸ்ஸை ஜப்தி பண்ணா சிரிக்காதீங்க

'நஷ்டஈடு தராததால் அரசு பஸ் ஜப்தி'ன்னு பேப்பர்ல வரும்போதெல்லாம் பட்டணத்து நண்பர்கள் அதை வாட்ஸ்அப்ல போட்டுச் சிரிக்கிறீங்க. சில பேர் 'எங்க வரிப்பணம் இப்படியா போகணும்'னு கோபப்படறீங்க. தவணை கட்டலன்னா எங்க ஊர்ப் பக்கம் டிராக்டரைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. அதுல யாருக்கும் சிரிப்பு வந்ததில்ல.

உங்க ஸ்கூட்டரை இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது. ஆனா அரசு போக்குவரத்துக் கழகம் அந்த இன்சூரன்ஸ் எடுக்காமலே பஸ் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு இடம் தருது. அதுக்குப் பதிலா நஷ்டஈடு கொடுக்கத் தனி நிதி வெச்சிருக்கணும். தீர்ப்பாயம் தொகையை அறிவிச்ச 30 நாளுக்குள்ள கட்டணும்னு 168-வது பிரிவு சொல்லுது. கட்டியிருந்தா அமீனா ஏன் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றார்? அடிபட்டவர் கேஸ் போட்டு, ஜெயிச்சு, ஜெயிச்ச பணத்துக்காக மறுபடி நிறைவேற்று மனு போட்டு அலைஞ்ச பிறகுதான் அந்த நோட்டீஸ் பஸ்ல ஒட்டப்படுது.

'கேஸ் போட்டே பணக்காரன் ஆயிட்டான்'னும் ஒரு பேச்சு இருக்கு. அப்படிப் பேசறவங்க பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து ஒரு குழித்தறியைப் பாருங்க. கை நாடாவை ஓட்டும், கால் குழிக்குள்ள மிதியை மிதிக்கும். முழங்கால் மடங்கலன்னா தறி நின்னுடும். டாக்டர் சர்டிபிகேட்ல அது 30 சதவீத ஊனமா இருக்கலாம். ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறவருக்குச் சம்பளம் குறையாது. நெசவாளிக்கோ தொழிலே போச்சு, ஏன்னா சேலை முடிஞ்சாத்தான் கூலி.

உச்ச நீதிமன்றமே 2010-ல ராஜ்குமார் வழக்குல, உடம்போட ஊனம் வேற, வருமான இழப்பு வேறன்னு பிரிச்சுச் சொல்லிடுச்சு. இடது கை போன தச்சருக்கு வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதமா இருக்கலாம்னு உதாரணமும் காட்டுச்சு. அப்ப இது லாட்டரிப் பணம் இல்லீங்க. வராமப் போன கூலி.

தெரிஞ்சவங்க யாராவது அடிபட்டா சிரிக்காம இதைச் சொல்லுங்க: டிக்கெட், எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கணும். 2022 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்த திருத்தப்படி ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். விபத்து சென்னையில நடந்திருந்தாலும், குடியிருக்கிற காஞ்சிபுரத்துலயே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவங்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேக்கலாம்.

அரசாங்கத்துக்கிட்ட நாங்க கேக்கறது புதுச் சட்டம் இல்ல, இருக்கிற சட்டத்துல உள்ள அந்த 30 நாள்தான். பஸ்ஸை நிறுத்தறதுல எங்களுக்கு என்ன சந்தோஷம்? ஜப்தியில நிக்கிறது எங்க ஊர் பஸ்ஸுங்க. அது வரலன்னா நடந்து போறதும் நாங்கதான்.