நீரும் பெயரும் ஒருங்கே காக்க!

சென்னைக் கோபாலபுரத்தை அடுத்துக் கதீட்ரல் சாலையில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செம்மொழிப் பூங்கா நம் மொழியின் பெருமையைப் பெயரில் தாங்கி நிற்கின்றது. அதற்கு மேற்கே, அண்ணா சாலைக்கு அப்பால், நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை ஒரு காலத்தில் பேரேரி ஒன்று நீண்டு கிடந்தது. 1920-களில் அது தூர்க்கப்பெற்றுத் தியாகராயர் நகர் எழுந்தது. எஞ்சிய நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டமே எழுந்தது. இன்று அவ்வேரியின் நினைவு 'லேக் ஏரியா' என்னும் ஆங்கிலப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நீர் போயிற்று, உடன் தமிழும் போயிற்று!

ஏரி செய்த பணிக்கு விலை உண்டோ? உண்டு என்றனர் மேலை ஆய்வாளர். இயற்கை ஆண்டுதோறும் நல்கும் பயன்களை 1997-இல் அவர்கள் ஏறத்தாழ 33 இலக்கங் கோடி தாலர் என மதிப்பிட்டனர். அஃது அந்நாளைய உலக நாடுகளின் மொத்த வருவாயையே விஞ்சியது. வெள்ளந் தணித்தலும் நிலத்தடி நீரூட்டலும் அப்பயன்களுள் அடங்குவன. ஏறத்தாழ 10 இலக்கம் உயிரினங்கள் அழிவை நோக்குகின்றன என 2019-இல் எச்சரித்த பன்னாட்டு அறிக்கையோ, விலைக் கணக்கோடு நில்லாது, அவ்வம் மண்ணின் மக்களறிவையும் சான்றாகக் கொண்டது.

இந்நோக்கு தமிழர்க்குப் புதிதன்று. உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றை ஒரு நிலத்தின் கருப்பொருளாக ஒருங்கு வைத்தெண்ணியது தொல்காப்பியம். அவ்வறிவு இன்றும் மீனவர் நாவிலும் உழவர் நாவிலும் வாழ்கின்றது. அதை எழுதிவைக்க வழியும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்குதல் வேண்டும். அச்சட்டத்தைச் செயற்படுத்தும் நடுவணரசின் ஆணையமும் சென்னைத் தரமணியிலேயே உள்ளது. ஆயினும், பதிவேடும் ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே அமையுமாயின், அறிவைத் தந்தவனே அதனைப் படிக்கவியலாத அயலான் ஆவான் அன்றோ?

2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் நீர்நிலை இழப்பின் விலையைச் சென்னைக்குக் காட்டிற்று. 2022-இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இன்னும் எஞ்சியுள்ளது. அதன் மீனும் புள்ளும் புல்லும் தமிழ்ப்பெயரோடு பதிவாகட்டும். அதுபற்றிய ஆய்வு முடிவுகள் தமிழில் மக்கள் கைக்கு வரட்டும். பெயரறியாத மக்கள் ஒன்றன் இழப்பையும் அறியார். ஆகவே, தமிழ் காப்போர் ஏரியையும் காக்க. ஏரி காப்போர் தமிழையும் காக்க!